திக்காத கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

கேமிங் கணினி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் முக்கால்வாசியை அதில் போட்டுவிட்டு, மிச்சத்தில் மற்றதை ஒப்பேற்றுவார்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு போன் வரும்: "கார்டு நல்ல கார்டுதான், ஆனா கேம் திக்கித் திக்கி ஓடுது, ஏன்?" போய்ப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் காரணம் வேறாக இருக்கும். ஒருமுறை ஒற்றை ரேம் ஸ்டிக். ஒருமுறை 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்ட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ்). ஒருமுறை மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தார்கள். புதுக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது.

கீழே உள்ள வரிசை அப்படிப் பார்த்துப் பார்த்து அமைந்தது. முன்பின் மாற்றினால் ஏற்கெனவே எடுத்த முடிவைத் திரும்பத் திருத்த வேண்டிவரும். முதல்முறை செய்பவர்கள் வரிசையைக் குலைக்காமல் போவது நல்லது.

1. எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு விநாடி என்பது 1000 மில்லிவிநாடி. அதற்குள் 60 ஃபிரேம், அதாவது 60 படம், திரைக்கு வந்தால் 60 எஃப்பிஎஸ். ஒரு கணினியில் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 16.7 மில்லிவிநாடி இடைவெளியில் சீராக வருகிறது. இன்னொன்றில் 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லிவிநாடியில் ஓடி வந்துவிட, அறுபதாவது மட்டும் 410 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் திரையோரத்தில் தெரியும் எண் 60தான். ஆனால் இரண்டாவதில் விநாடிக்கு ஒருமுறை கேம் உறைந்து நிற்கும்.

அதனால் சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். சோதனை முடிவுகளில் "1% லோ" என்று இன்னொரு எண் இருக்கும். மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களை வைத்துக் கணக்கிடுவது அது. சராசரி 100, 1% லோ 75 என்றால் கைக்குச் சுகமாக இருக்கும். சராசரி 130, 1% லோ 40 என்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சராசரியைக் கிராபிக்ஸ் கார்டு மேலே தூக்கும். அடிமட்டம் கீழே விழாமல் தாங்குவது பெரும்பாலும் பிராசஸர், ரேம், கார்டின் நினைவகம், எஸ்எஸ்டி ஆகியவை. மிச்சக் காசில் ஒப்பேற்றும் பாகங்கள் இவைதான் என்பதால்தான் அந்த போன்களெல்லாம் வருகின்றன.

2. கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

முதலில் நீங்கள் உண்மையிலேயே அதிக நேரம் ஆடும் மூன்று கேம்களை எழுதுங்கள். ஆட ஆசைப்படும் கேம்களை அல்ல. வேகமான போட்டித் துப்பாக்கிச் சண்டை, நகரம் கட்டும் கேம், பரந்த உலகத்தில் சுற்றித் திரியும் கேம் ஆகிய மூன்றும் கணினியிடம் வெவ்வேறு விஷயங்களைக் கேட்கும். முதல் இரண்டும் பிராசஸரைப் பிழியும். மூன்றாவது கார்டையும் அதன் நினைவகத்தையும் பிழியும். சில சமயம் எல்லாவற்றையும் சேர்த்து.

அடுத்து, பழைய கணினி இருந்தால் அதில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பாருங்கள். முழுதாக மாற்றத் தேவையே இல்லாமல் போகலாம். வி-சிங்க்கையும் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் வசதி) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டு, கேமில் எப்போதும் திக்கும் ஓர் இடத்தில் நில்லுங்கள். இப்போது ரெசல்யூஷனை (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை) மட்டும் நன்றாகக் குறையுங்கள். எஃப்பிஎஸ் கணிசமாக ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் அப்படியே நின்றால் தடை பிராசஸர் பக்கம்.

இங்கே ஒரு பொறி உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பிராசஸர் 30 சதவீதம்தான் ஓடுது, அது நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை ஓடும் பாதை) உள்ள பிராசஸரில் ஒரு த்ரெட் முழுக்க நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை அந்த ஒரு த்ரெட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றவை சும்மா இருக்கும். ஆகவே கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95க்கு மேல் இருந்தால் கார்டு முழு வேலை செய்கிறது. 60, 70ல் தத்தளித்தால் யாரோ அதற்கு வேலை கொடுக்காமல் காக்க வைக்கிறார்கள்.

நானே ஒருமுறை இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, நான்கு கோர் கொண்ட பழைய பிராசஸருக்குத் துணையாகப் புதுக் கார்டு வாங்கினேன். படம் அழகானது. திக்கல் அப்படியே இருந்தது.

3. மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள்

பலருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் மற்ற பாகங்கள் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை மானிட்டர்தான் தீர்மானிக்கிறது.

1920 x 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 2560 x 1440 என்றால் சுமார் 36.9 லட்சம். 3840 x 2160, அதாவது 4கே, சுமார் 82.9 லட்சம்; முதலாவதைப் போல சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டியது கார்டு. நேரமோ குறைந்துகொண்டே போகும்: 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி, 144ல் வெறும் 6.9.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ரெசல்யூஷன் கூடினால் கூடும் சுமை கார்டுக்கு. ரெஃப்ரெஷ் ரேட், அதாவது அந்த ஹெர்ட்ஸ் எண், கூடினால் சுமை கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துத்தான். 4கேயில் 60 போதும் என்பவருக்கு நடுத்தரப் பிராசஸர் போதும். 1080ல் 240 வேண்டும் என்பவர் பிராசஸரில் கஞ்சத்தனம் செய்ய முடியாது. முதல் கணினி கட்டுபவருக்கு 1440, 144 ஹெர்ட்ஸ் நல்ல நடுவழி என்பது என் கணிப்பு. பட்ஜெட் இறுக்கம் என்றால் 1080, 144.

அப்புறம், மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்ற பெயர்களில் வருவது இதுதான். பழைய வி-சிங்க்கில் மானிட்டர் நேரம் தவறாத பஸ் மாதிரி. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 17 மில்லிவிநாடி எடுத்துவிட்டால் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு, அதாவது 33.3வது மில்லிவிநாடி வரை, காத்திருக்க வேண்டும். ஒரு நொடியின் மிகச்சிறு பங்கு தாமதம் திரையில் இரட்டிப்பாகத் தெரியும். மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டில் பயணி ஏறிய பிறகுதான் பஸ்ஸே கிளம்பும். எஃப்பிஎஸ் 70க்கும் 110க்கும் நடுவே ஏறி இறங்கினாலும் கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது.

அந்த வசதி எந்த எல்லைக்குள் வேலை செய்யும் என்று விவரப் பட்டியலில் பாருங்கள். 48 முதல் 144 வரை என்றிருந்தால், 48க்குக் கீழே போகும்போது ஒரே ஃபிரேமை இரண்டுமுறை காட்டிச் சமாளிக்க இடமுண்டு. 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை. 45க்கு விழுந்தவுடன் திக்கல் திரும்பிவிடும். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

4. கிராபிக்ஸ் கார்டு

இப்போதுதான் கார்டு. மானிட்டரின் ரெசல்யூஷன் தெரியும், மூன்று கேம்கள் தெரியும். அந்த ரெசல்யூஷனில், அந்தக் கேம்களில், 1% லோ என்ன என்று இரண்டு மூன்று சோதனைகளில் ஒப்பிடுங்கள். கார்டின் பெயரில் உள்ள எண்ணை வைத்தோ, பெட்டியில் எத்தனை விசிறி என்று எண்ணியோ தேர்ந்தெடுக்காதீர்கள்.

வேகத்துக்கு அடுத்து நினைவகம். இது நிரம்பினால் வரும் திக்கல்தான் மிக மோசமானது. எண்களைப் பாருங்கள்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த 8 ஜிபி நினைவகத்தோடு விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசும். அது நிரம்பி, மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து எடுக்க வேண்டுமானால் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வர வேண்டும். அந்தப் பாதையின் லேன்களில் (தடங்களில்) 8 மட்டுமே அந்தக் கார்டு பயன்படுத்துவதால் நான்காம் தலைமுறை மதர்போர்டில் சுமார் 16 ஜிபி, மூன்றாம் தலைமுறையில் சுமார் 8. பெருஞ்சாலையிலிருந்து சந்துக்குள் நுழைந்த லாரி மாதிரி எல்லாம் நின்றுவிடும்.

அடையாளம் இப்படி இருக்கும்: முதல் இருபது நிமிடம் அருமையாக ஓடும், பிறகு திரும்பும்போதெல்லாம் திக்கும், சுவர்களின் மேற்பரப்பு மங்கலாகத் தெரிந்து தாமதமாகத் தெளியும். கேமில் டெக்ஸ்ச்சர் (அந்த மேற்பரப்புப் படங்கள்) தரத்தை ஒரு படி குறைத்ததும் சரியானால் சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு வேண்டும்? 1080ல் டெக்ஸ்ச்சரைக் குறைத்துக்கொள்ளத் தயார் என்றால் 8 ஜிபியில் ஓட்டலாம். 1440க்கு 12 ஜிபிக்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. 4கே, ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இரண்டும் ஆசை என்றால் 16. ரே டிரேசிங்கும் ஃபிரேம் ஜெனரேஷனும் கூடுதல் நினைவகம் கேட்கும் என்பதை மறந்துவிட்டு வாங்குபவர்கள் அதிகம்.

ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கும் வழக்கமும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1060ன் 3 ஜிபி வகையில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் குறைவு: 6 ஜிபி வகையில் 1280, இதில் 1152. ஆர்டிஎக்ஸ் 3050லும் அப்படியே. 8 ஜிபி வகைக்கு 2560 கோர், 6 ஜிபி வகைக்கு 2304. ஜிடி 1030ல் மெதுவான டிடிஆர்4 நினைவகம் போட்ட ஒரு வகை வந்தது, பெயர் மாறாமலே. பழைய கார்டு வாங்குபவர்கள் முழு மாடல் பெயரைப் படித்துப் பார்க்காமல் கைநீட்ட வேண்டாம். லேப்டாப் என்றால் இன்னும் கவனம்: மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070ல் 12 ஜிபி, லேப்டாப்பின் 4070ல் 8 ஜிபி. லேப்டாப்பில் அந்த கார்டுக்கு எத்தனை வாட் தரப்படுகிறது என்பதும் தயாரிப்பைப் பொறுத்து மாறும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவற்றை வாங்கும் கணக்கில் சேர்க்கலாமா? குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் வசதியைச் சேர்க்கலாம், அது கார்டின் சுமையை நிஜமாகவே குறைக்கிறது. ஆனால் பிராசஸரின் சுமையைக் குறைக்காது. நடுவில் செயற்கை ஃபிரேம்களை நுழைக்கும் ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்க்காதீர்கள். அடியில் 60 எஃப்பிஎஸ் இருந்தால் அது 100க்கு மேல் காட்டி அழகு சேர்க்கும். அடியில் 30 இருந்தால் எண் மட்டும் ஏறும்; மவுஸை அசைத்தால் கை 30ஐத்தான் உணரும்.

5. பிராசஸர்

புதியவர்கள் கோர்களை எண்ணுவார்கள். கேமுக்கு 6 நவீன கோர் போதும், 8 தாராளம். அதற்கு மேல் உள்ளவை வீடியோ எடிட்டிங், கம்பைலிங் போன்ற வேலைகளுக்கு. கேமில் அடிமட்டத்தைத் தூக்குவது ஒவ்வொரு கோரின் வேகமும் கேஷ் நினைவகத்தின் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் மிக வேகமான சிறு நினைவகம்) அளவும்தான்.

கேஷின் மகிமைக்கு நல்ல சாட்சி 2022ல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதற்கு முந்தைய 5800எக்ஸைவிட அதன் உச்ச வேகம் குறைவு. ஆனால் எல்3 கேஷ் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. பல கேம்களில் அண்ணனைத் தாண்டி ஓடியது. கேம் எந்த நொடியில் எந்தத் தரவைக் கேட்கும் என்று கணிக்க முடியாது. கேட்டது கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் ரேம் வரை போய்வர வேண்டும். அந்தப் போய்வரும் நேரம்தான் திக்கலாகத் தெரிகிறது.

இதே காரணத்தால் பெயர் ஒட்டி இருக்கும் மலிவு வகைகளில் ஏமாறலாம். ரைசன் 5 5500, 5600 இரண்டும் 6 கோர்தான். ஆனால் 5500ல் கேஷ் 16 எம்பி, 5600ல் 32. மேலும் 5500 மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸோடு நின்றுவிடும். 8 லேன் கார்டை அதோடு சேர்த்தால், மேலே சொன்ன சந்து இன்னும் குறுகிவிடும்.

சரி, எவ்வளவு வேகமான பிராசஸர் வேண்டும்? இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பிராசஸர் சோதனைகளை உச்சக் கார்டோடு 1080ல் செய்வார்கள். "நான் 1440ல் ஆடுகிறேன், எனக்கெதற்கு அந்த எண்" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்தான் அந்தக் கேமில் அந்தப் பிராசஸரின் உச்சவரம்பு. கார்டுக்கு ஒரு வரம்பு, பிராசஸருக்கு ஒரு வரம்பு. இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். கார்டு 140 தரும், பிராசஸர் 90தான் தரும் என்றால் நீங்கள் 90க்குத்தான் ஆடுவீர்கள், அதுவும் திக்கலோடு. கார்டை ஒரு படி குறைத்து, அந்தக் காசைப் பிராசஸரில் போடுங்கள். பிராசஸர் வரம்பு கார்டின் வரம்பைவிடச் சற்று மேலே இருப்பதுதான் சீரான ஓட்டத்துக்கு நல்லது.

இன்டெல்லில் பெயருக்குப் பின் "எஃப்" இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையில் எதுவும் தெரியாது, அவ்வளவுதான். 13, 14ஆம் தலைமுறை இன்டெல்லின் உயர்வகைப் பிராசஸர்களில் மின்னழுத்தப் பிரச்சினையால் நிலைகுலைவு ஏற்பட்டதை அந்நிறுவனமே 2024ல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அவற்றைப் பழையதாக வாங்குவதானால், முதல் வேலையாக மதர்போர்டின் பயாஸைப் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள்; முன்பு எப்படி ஓட்டினார்கள் என்றும் விசாரியுங்கள்.

6. மதர்போர்டு

இதில் அதிகம் செலவழிக்காதீர்கள். எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் பாகமல்ல இது. சாக்கெட்டும் (பிராசஸர் உட்காரும் இடம்) ரேம் வகையும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல்லின் எல்ஜிஏ1700ல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும், ரேம் மாற்றிப் பொருந்தாது.

பிராசஸர் இல்லாமலேயே பயாஸைப் பென்டிரைவிலிருந்து புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு அலமாரியில் பல மாதம் கிடந்திருந்தால் புதுப் பிராசஸரை அடையாளம் தெரியாமல் விழிக்கும். அப்போது அந்தப் பொத்தான்தான் கைகொடுக்கும்.

7. ரேம்

நான் பார்த்த திக்கல்களில் காசே செலவில்லாமல் சரியானவை பெரும்பாலும் இங்கேதான்.

எப்போதும் இரண்டு ஸ்டிக். 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு மேல். இரண்டு சேனலிலும் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதைகள்) தரவு ஓடுவதால் அகலம் இரட்டிப்பாகும். பிராசஸர் காத்திருக்கும் நேரம் குறையும். "இப்போ ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று வாங்குபவர்களுக்கு அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் வேறு ரகமாக வந்து சேர்ந்து தகராறு செய்யும். இரண்டாகச் சேர்த்து விற்கும் ஜோடியையே வாங்குங்கள்.

நான்கு இடமுள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் அதன் பெயர் ஏ2, பி2. பக்கத்துப் பக்கத்தில் செருகினால் ஒற்றைச் சேனலில் ஓடலாம், எந்த எச்சரிக்கையும் வராது.

அடுத்து வேகம். 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5ஐப் பொருத்தியவுடன் அது 6000ல் ஓடாது. 4800 போன்ற பொது வேகத்தில்தான் விழிக்கும். பயாஸுக்குள் போய், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். என் சொந்தக் கணினியே ஒன்றரை வருடம் 3200 ரேமை 2133ல் ஓட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அளவு: 16 ஜிபி குறைந்தபட்சம், 32 நிம்மதி. ஆனால் டிடிஆர்5ல் நான்கு ஸ்டிக் போட்டு நிரப்பாதீர்கள். ரைசன் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கில் 3600. கூடுதல் ரேம் வாங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதையாகும்.

8. எஸ்எஸ்டி

ஹார்டு டிஸ்க்கிலிருந்து பரந்த உலகக் கேம்களை ஓட்டாதீர்கள். நடக்க நடக்கத் தரவு இழுக்கும் கேம்கள் அதில் மூச்சு வாங்கும். பழைய சாட்டா இணைப்பு எஸ்எஸ்டி விநாடிக்கு சுமார் 550 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் மூன்றாம் தலைமுறை சுமார் 3500, நான்காம் தலைமுறை சுமார் 7000. எண்கள் பிரமாண்டமாகத் தெரிந்தாலும் கேமுக்குள் நீங்கள் உணரும் பாய்ச்சல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும் முதல் மாற்றத்தில்தான். அதற்கு மேல் வேகத்துக்குக் காசு கொடுப்பதைவிட அதே காசில் பெரிய அளவு வாங்குங்கள். விளிம்புவரை நிரம்பிய எஸ்எஸ்டி மெதுவாகும் என்பதால் கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அந்த வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

9. பவர் சப்ளை

கார்டின் வாட், பிராசஸரின் வாட், மற்றவற்றுக்கு 100, அதற்கு மேல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாராளம். 200 வாட் கார்டும் 120 வாட் பிராசஸரும் என்றால் கூட்டினால் 420. 550 போதும், 650 நிம்மதி. தாராளம் ஏன் என்றால், கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தங்கள் சராசரியைத் தாண்டி மின்சாரத்தை உறிஞ்சும். அந்தத் துள்ளலைத் தாங்காத சப்ளை பாதுகாப்புக்காக அணைந்துவிடும். கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி பொசுக்கென்று அணைந்து மீண்டும் எழுந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

80 பிளஸ் கோல்டு, பிரான்ஸ் என்பவை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. தரத்துக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் அல்ல. அந்த மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் சொல்வதைப் படியுங்கள்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள சப்ளை என்றால் ஒரு கண்டிப்பான விதி: பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம்; எஸ்எஸ்டியும் போர்டும் கருகிவிடக்கூடும். கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்பு தேவையென்றால் இரண்டு தனிக் கேபிளாகக் கொடுங்கள். புதிய 16 பின் இணைப்பானால் இடைவெளி தெரியாதபடி முழுக்க அழுத்திச் செருகுங்கள். அரைகுறையாகச் செருகினால் அது உருகக்கூடும்.

10. கேபினெட்டும் கூலரும்

கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் கேபினெட்டின் விவரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். முகப்பு கண்ணாடியாக மூடியிருப்பதைவிட வலையாக இருப்பதே மேல். முன்னால் இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். சூடு ஏறினால் கார்டும் பிராசஸரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து மட்டும் வரும் திக்கலுக்கு இது அடிக்கடி காரணம். ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான பிராசஸர்கள் 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை, அதனால் முழுச்சுமையில் அந்த எண்ணைப் பார்த்து மிரளத் தேவையில்லை.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பொருத்துங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு கணினிகளில் நானே உரித்திருக்கிறேன்.

11. பொருத்தி முடித்த முதல் நாள்

டிடிஆர்5 உள்ள ஏஎம்5 கணினியை முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் அணைக்காதீர்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இரண்டையும் இயக்குங்கள். இன்டெல்லின் ஆர்க் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது விட்டுவிடக் கூடாத ஒன்று. அது இல்லாமல் அந்தக் கார்டுகள் தடுமாறும். விண்டோஸ் ஏறியதும் மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர், பிறகு கார்டு டிரைவர். அதன் பின் டிஸ்ப்ளே செட்டிங்ஸின் உள்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 ஆக்குங்கள். விண்டோஸ் பல நேரம் 60லேயே விட்டுவிடும். மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஃப்ரீசிங்க் அணைந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

கடைசியாக எஃப்பிஎஸ் வரம்பு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 140 அளவில் கட்டுங்கள். மேல் எல்லையை முட்டினால் மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வேலை செய்யாது. படம் கிழியும் அல்லது வி-சிங்க் தாமதம் சேரும். பெரிய கேம்களில் இன்னும் கீழே, கணினி எப்போதும் எட்டக்கூடிய எண்ணில் கட்டினால் ஓட்டம் மேலும் சீராகும். எஃப்பிஎஸ் 120க்கும் 80க்கும் நடுவே ஊசலாடுவதைவிட 80ல் கட்டி நிறுத்தியது கைக்கு இதமாக இருக்கும். எண்ணைக் குறைக்கப் புதியவர்களுக்கு மனம் வராது. ஒருமுறை செய்து பார்த்தவர்கள் திரும்ப ஏற்றுவதில்லை.

12. அப்படியும் திக்கினால்

கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது ஆஃப்டர்பர்னர் போன்ற அளக்கும் மென்பொருளை வைத்து ஃபிரேம் நேரத்தை வரைபடமாகப் பாருங்கள். கோடு தட்டையாக ஓடி எங்கே குத்தி நிற்கிறதோ அங்கே உங்கள் துப்பு இருக்கிறது.

புது இடத்துக்குள் முதல்முறை நுழையும்போது மட்டும் குத்துகிறது, இரண்டாம் முறை அதே இடத்தில் குத்தவில்லை என்றால் அது ஷேடர் தொகுப்பு, அதாவது படம் வரையும் சிறு நிரல்களை (ஷேடர்களை) உங்கள் கார்டுக்கேற்ப அங்கேயே தயாரிக்கும் வேலை. எந்த வன்பொருளாலும் முழுக்கத் தீராது. கேம் தொடக்கத்தில் ஷேடர்களைத் தயாரிக்கும் திரை வந்தால் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குத்தினால் பெரும்பாலும் கேமின் குறை. எல்லாக் கேமிலும், சீரான இடைவெளியில் குத்தினால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள். விளக்கு நிறம் மாற்றும் புரோகிராம்களை முதலில் மூடிப் பாருங்கள். நேரம் போகப் போக மோசமானால் வெப்பம் அல்லது கார்டின் நினைவகம்.

இந்தச் சோதனைகளையெல்லாம் பொருளைத் திருப்பித் தரும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டிகளையும், அவற்றின் உள்ளே வந்த நுரைத் தாள்களையும் தூக்கிப் போடாதீர்கள்.